பின்னணிப் பணிகள்: ஜாங்கோவுக்கு உள்ளே வேண்டுமா, வெளியே இருக்கட்டுமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிலரங்கின் பதிவுத் தளத்தை, பைதான் மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ என்ற சட்டகத்தில் எழுதிக் கொடுத்தேன். பெயர், ஊர், மின்னஞ்சல் ஆகியவற்றை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் பதிவு சேமிக்கப்படும். உடனே ஓர் உறுதி மின்னஞ்சல் போகும். இரண்டும் ஒரே வியூவில், அதாவது பக்கம் கேட்டு வரும் கோரிக்கைக்கு விடை தரும் செயற்கூற்றில், அடுத்தடுத்த வரிகள். என் கணினியில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தன. பதிவு திறந்த அன்று மின்னஞ்சல் சேவை மந்தமாகிவிட்டது. ஜாங்கோ மின்னஞ்சல் இணைப்புக்குத் தானாகக் கால வரம்பு வைப்பதில்லை. நாம் அமைத்தால்தான் உண்டு. நான் அமைக்கவில்லை. முன்னால் நின்று ஜாங்கோவை ஓட்டும் கூனிகார்ன் என்ற சர்வர் 30 வினாடி பொறுத்துவிட்டு அந்தச் செயல்முறையைக் கொன்றது. நிரப்பியவரின் திரையில் பிழைப் பக்கம் வந்தது. தரவுத்தளத்திலோ அவர் பெயர் ஏற்கெனவே ஏறிவிட்டது. பதிவாகவில்லை என்று நினைத்து அவர் மறுபடி அழுத்தினார். இன்னொரு முறையும் அழுத்தினார். மாலையில் பட்டியலைத் திறந்தால் ஒரே ஆள் மூன்று இடங்களைப் பிடித்திருந்தார். அவரைப் போலவே பலர்.

இதற்கு மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். பதிவைச் சேமித்துவிட்டு, ‘இவருக்கு மின்னஞ்சல் அனுப்பு’ என்று ஒரு சீட்டெழுதி வரிசையில் போட்டுவிட வேண்டும். பயனருக்கு உடனே நன்றிப் பக்கம் போய்விடும். தனியே ஓடிக்கொண்டிருக்கும் ஒர்க்கர் ஒன்று அந்தச் சீட்டை எடுத்து வேலையை முடிக்கும். மின்னஞ்சல் சேவை படுத்துவிட்டாலும் சீட்டு காத்திருக்கும். இதுதான் பின்னணிப் பணி.

கன்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரச் செய்தித்தாள் ஒன்றில் பிறந்து, 2005 ஜூலையில் வெளியானது ஜாங்கோ. ‘பேட்டரியும் உள்ளே உண்டு’ என்பதே அதன் பெருமை. பயனர் கணக்கு, நிர்வாகப் பக்கம், படிவங்கள், மின்னஞ்சல் என்று எல்லாம் பெட்டியிலேயே வரும். பின்னணிப் பணிக்கான வசதி மட்டும் இருபது ஆண்டுகளாக வரவில்லை. 2024இல் இந்த வசதியைக் கேட்ட டெப் 14 என்ற முன்மொழிவு ஏற்கப்பட்டது. 2025 டிசம்பரில் 6.0 பதிப்போடு ‘டாஸ்க்ஸ்’ என்ற புதிய பகுதி வந்தது. ஆனால் அதில் ஒர்க்கர் இல்லை. சீட்டெழுதும் முறை மட்டும் இருக்கிறது. சீட்டை எடுத்து வேலை செய்யும் ஆள் இல்லை.

வண்டி கொடுத்தார்கள், மாடு கொடுக்கவில்லை என்று பலருக்குத் தோன்றியது. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. முழுதும் வெளியே விடுவது, முழுதும் உள்ளே எடுப்பது, இடைமுகத்தை (சீட்டெழுதும் பொது முறையை) மட்டும் உள்ளே வைப்பது என்ற மூன்று வழிகளையும் எடைபோட்டுப் பார்த்த பிறகு என் எண்ணம் மாறியிருக்கிறது. ஒரேயடியாக மாறிவிடவும் இல்லை.

முழுதும் வெளியே

இருபது ஆண்டுகள் நடந்தது இதுதான். 2009இல் வந்த செலரி என்ற வரிசை மென்பொருள் பெரும்பாலானோரின் விடையாக இருந்தது. தோற்றுப்போன வேலையை மறுபடி முயல்வது, குறித்த நேரத்தில் ஓடவைப்பது, ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தொடங்குவது என்று பெரிய தளங்களுக்கு வேண்டியதெல்லாம் அதில் உண்டு. பல ஆண்டு உழைப்பில் தேறிய மென்பொருள். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

சிறிய தளத்துக்குத்தான் அது பாரம். என் பயிலரங்குத் தளத்துக்கு ஒரு நாளைக்குச் சில நூறு மின்னஞ்சல்கள் போனால் அதிகம். அதற்காக, சீட்டுகளைத் தாங்கிவைக்க ரெடிஸோ ராபிட்எம்க்யூவோ ஒன்றை நிறுவி, அதற்குக் கடவுச்சொல் வைத்து, நினைவகத்தைக் கவனித்து, மேலே செலரி ஒர்க்கரை ஓடவிட்டு, நேரம் குறித்த வேலை இருந்தால் அதற்கென்று இன்னொரு செயல்முறையையும் ஓடவிட வேண்டும். மலிவான ஒரே சர்வரில் தளம் நடத்துபவருக்கு, கண்காணிக்க வேண்டியவை ஒன்றிலிருந்து நான்காகிவிடுகின்றன. ஹியூயி, டிரமாட்டிக், ஆர்க்யூ என்று எளிய மாற்றுகளும் உண்டு. அவை நல்லவைதான், ஆனால் ஒவ்வொன்றும் தன் பாணியில் எழுதச் சொல்கிறது.

இந்த வழியின் பெருங்குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. தளம் கட்டுபவரைவிட, மற்றவர்கள் தங்கள் தளங்களில் பொருத்திக்கொள்ளும் செயலிகளை எழுதுபவரையே அது அதிகம் வாட்டுகிறது. படங்களைச் சிறிதாக்கும் ஒரு ஜாங்கோ செயலியை நீங்கள் எழுதி வெளியிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலை பின்னணியில் நடக்க வேண்டும். செலரியை நம்பி எழுதினால் ஹியூயி வைத்திருப்பவருக்கு உதவாது. இரண்டுக்கும் எழுதினால் மூன்றாவதைக் கேட்டு ஒருவர் வருவார். கடைசியில் எதுவும் வேண்டாம் என்று வேலையை வியூவுக்குள்ளேயே செய்துவிட்டு, ‘மெதுவாக இருந்தால் நீங்களே பின்னணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று ஆவணத்தில் ஒரு வரி எழுதிவைப்பீர்கள். ஜாங்கோவே இப்படித்தான் இருந்தது: கடவுச்சொல் மறந்தவருக்குப் போகும் மின்னஞ்சல், கோரிக்கை நடந்துகொண்டிருக்கும்போதே அனுப்பப்பட்டது. டெப் 14இன் வேரும் இங்கேதான். ஜாங்கோ மேல் கட்டப்பட்ட வாக்டெயில் என்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருளுக்குப் பின்னணிப் பணிகள் தேவைப்பட்டன. தன் பயனர்கள் எல்லோரையும் ஒரே வரிசை மென்பொருளுக்குள் தள்ள அதனால் முடியாது. அந்தப் பேச்சுதான் வளர்ந்து ஜாங்கோவின் வாசலுக்கு வந்தது.

ஆக, வெளியே எத்தனை நல்ல ஒர்க்கர்கள் இருந்தாலும் தீராத சிக்கல் ஒன்று இருந்தது. எல்லோருக்கும் பொதுவான ஒரு பேச்சுமொழி வேண்டும். அதை வெளியிலிருக்கும் எந்தத் தொகுப்பாலும் மற்றவற்றின் மேல் விதிக்க முடியாது. சட்டகத்தால் மட்டுமே முடியும்.

முழுதும் உள்ளே

ஒரே கட்டளையில் ஒர்க்கர் ஓட வேண்டும், சீட்டுகள் தளத்தின் சொந்தத் தரவுத்தளத்திலேயே ஓர் அட்டவணையில் இருக்க வேண்டும், வேறு எதையும் நிறுவக்கூடாது. கேட்க இனிமையாக இருக்கிறது. ரூபி மொழியின் வலைச் சட்டகமான ரூபி ஆன் ரெயில்ஸ் அதைச் செய்தும் காட்டியது. 2024 நவம்பரில் வந்த ரெயில்ஸ் 8இல் புதிய திட்டம் தொடங்கினால், தரவுத்தளத்தையே வரிசையாக்கும் சாலிட் க்யூ கூடவே வருகிறது, ரெடிஸ் வேண்டாம்.

தரவுத்தளமே வரிசையாக இருப்பதில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு ஒர்க்கர்கள் ஒரே சீட்டை எடுத்துவிடக்கூடாது. ஒருவர் பூட்டிய சீட்டுக்காக மற்றவர் காத்து நிற்கவும் கூடாது. அதைத் தாண்டி அடுத்ததை எடுக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் ‘ஸ்கிப் லாக்ட்’ என்ற வசதி இதைத்தான் செய்கிறது. 2016இல் 9.5 பதிப்போடு வந்தது. ஜாங்கோவிலிருந்து அதை அழைக்கும் வழி 2017இல் 1.11 பதிப்பில் வந்தது. இதில் சிக்கல் என்னவென்றால், ஜாங்கோ எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தையும் தாங்குகிறது. அதில் அட்டவணையின் ஒரு வரியை மட்டும் பூட்டும் வசதியே கிடையாது. உள்ளே எடுக்கும் எதுவும் ஜாங்கோ தாங்கும் எல்லாத் தரவுத்தளங்களிலும் சரியாக ஓட வேண்டும். வெளித் தொகுப்பு என்றால் ‘எங்களுக்கு இது போதும்’ என்று வரம்பு கட்டிக்கொள்ளலாம். சட்டகத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, வெளியீட்டு ஒழுங்கைப் பற்றியது. ஜாங்கோ ஏறக்குறைய எட்டு மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. வெளியான பதிப்புக்குள் பாதுகாப்புத் திருத்தங்களும் தரவு இழப்பு போன்ற கடுமையான பிழைகளுக்கான திருத்தங்களும்தான் போகும். சாதாரணப் பிழை அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கும். ஏற்கெனவே தந்த ஒன்றைத் திரும்பப் பெறுவதென்றால், குறைந்தது இரண்டு பதிப்புகள் எச்சரித்த பிறகுதான் எடுக்க முடியும். இந்த நிதானத்தால்தான் நான் ஜாங்கோவை நம்புகிறேன். அதே நிதானம் இளம் வரிசை மென்பொருள் ஒன்றுக்குக் கழுத்துச் சுருக்காகிவிடும். ஒர்க்கர்கள் முதல் ஓராண்டில் வாரம் ஒரு பாடம் கற்கும் வகை. நள்ளிரவில் பாதி வேலையில் செத்த ஒர்க்கரின் சீட்டை யார் மீட்பது, எவ்வளவு நேரம் கழித்து மீட்பது என்ற ஒரே கேள்விக்கு விடை காணவே பல சுற்றுகள் தேவைப்படும்.

இது வெறும் ஊகம் அல்ல. ஜாங்கோ சேனல்ஸின் கதை கண்முன் இருக்கிறது. திறந்தபடியே இருக்கும் வெப்சாக்கெட் இணைப்புகளுக்காக எழுதப்பட்ட அதை 2016இல் 1.10 பதிப்புக்குள் சேர்ப்பதாகப் பேச்சு இருந்தது. சேர்க்காமல் தனியே விட்டார்கள். அப்போது பலருக்கு ஏமாற்றம். 2018இல் சேனல்ஸ் 2 வந்தபோது அதன் அடிப்படை வடிவமே மாற்றி எழுதப்பட்டிருந்தது. பழைய நிரல்கள் அப்படியே ஓடா. 1.10க்குள் சேர்த்திருந்தால், அந்த முதல் வடிவத்தையே கட்டிக்கொண்டு ஜாங்கோ பல ஆண்டுகள் தள்ளாடியிருக்கும். மாறாக, அந்த அனுபவத்திலிருந்து தேறிய, சர்வரும் சட்டகமும் பேசிக்கொள்ளும் ஏஎஸ்ஜிஐ என்ற இடைமுகம் 2019இல் 3.0 பதிப்போடு உள்ளே வந்தது. சுற்றி வந்தாலும் சரியான வழியில் வந்தது.

எதிர் உதாரணம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. தரவுத்தள அமைப்பின் மாற்றங்களைப் பதிந்து நகர்த்தும் வசதி நெடுங்காலம் சவுத் என்ற வெளித் தொகுப்பில் இருந்தது. அதை எழுதிய ஆண்ட்ரூ காட்வினே 2013இல் கிக்ஸ்டார்ட்டரில் 2,500 பவுண்டு கேட்டார். 17,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. 2014இல் 1.7 பதிப்பில் அது ஜாங்கோவின் உறுப்பாகவே ஆனது. அந்த முடிவு சரியென்பதில் எனக்கு ஐயமில்லை. ஏன் சரி? சவுத் காலத்தில் சொந்தமாக ஒரு புலவகை (அட்டவணை நெடுவரிசையின் வகை) எழுதியவர்கள், அதை எப்படிப் படித்துப் புரிந்துகொள்வது என்று சவுத்துக்குத் தனியாக விதிகள் எழுதித் தர வேண்டியிருந்தது. உள்ளே வந்த பிறகு, ‘என்னை மறுபடி உருவாக்க இவை போதும்’ என்று புலமே தன்னைப் பிரித்துச் சொல்லும் வழி ஜாங்கோவின் எல்லாப் புலங்களுக்கும் கிடைத்தது. வெளியிலிருந்து எத்தனை சாமர்த்தியம் காட்டினாலும் அந்த வசதியைச் சுத்தமாகத் தந்திருக்க முடியாது. ஜாங்கோவின் வயிற்றுக்குள் கைவிட வேண்டியிருந்தது.

ஒர்க்கருக்கு அந்தத் தேவை இல்லை. அது ஓர் அட்டவணையைப் படிக்கிறது, ஒரு செயற்கூற்றை அழைக்கிறது, முடிவை எழுதுகிறது. வெளியே நின்றே செய்யலாம். முன்மொழிவுகளைப் படிக்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி இப்போது இதுதான்: இது உள்ளே இருந்தால்தான் நடக்குமா, அல்லது உள்ளே இருந்தால் வசதியாக இருக்குமா? வசதிக்காக எடுத்தவற்றைப் பின்னால் இறக்கிவைத்த கதையும் உண்டு. கருத்துரைகளுக்கான காமென்ட்ஸ் பகுதி ஒருகாலத்தில் பெட்டியிலேயே இருந்தது, 1.6இல் விடைகொடுக்கத் தொடங்கி 1.8இல் வெளியேற்றினார்கள். நாடுவாரியான படிவப் புலங்களும் அப்படியே தனித் தொகுப்பாகின. ஊதியம் பெற்று ஜாங்கோவைப் பராமரிப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. உள்ளே எடுக்கும் ஒவ்வொன்றும் அவர்கள் தலையில்தான் விழும்.

இடைமுகம் மட்டும்

வீட்டுக்காரர் சுவரில் பிளக் பாயிண்ட் வைத்துத் தருகிறார். மின்விசிறியைக் குடிவருபவர் கொண்டுவருகிறார். 6.0 எடுத்த வழி இது. ஒரு செயற்கூற்றின் மேல் ‘டாஸ்க்’ என்று குறியிட்டு, ‘என்க்யூ’ என்று அழைத்தால் சீட்டு வரிசைக்குப் போகும். எந்த வரிசை, எவ்வளவு முன்னுரிமை, எந்த நேரத்துக்குப் பிறகு என்று சொல்லலாம். முன்னுரிமை -100 முதல் 100 வரை. வரிசை எதில் ஓடுகிறது என்பதை அமைப்புக் கோப்பு முடிவு செய்யும். படம் சிறிதாக்கும் செயலியை எழுதியவர் இனி யாருடைய வரிசை மென்பொருளையும் தெரிந்துகொள்ள வேண்டாம். என் கணக்கில் இந்த ஒன்றே அந்த முன்மொழிவை ஏற்கப் போதுமான காரணம்.

இடைமுகம் என்பது வெறும் பெயர்ப்பட்டியலும் அல்ல; அது சில நல்ல பழக்கங்களைக் கட்டாயமாக்குகிறது. சீட்டில் எழுதும் மதிப்புகள் ஜேசான் என்ற எளிய எழுத்து வடிவத்துக்கு மாற்றக்கூடியவையாக இருக்க வேண்டும். பதிவுப் பொருளை அப்படியே தர முடியாது. அதன் எண்ணைத்தான் தர முடியும். முதலில் கெடுபிடியாகத் தோன்றும். ஆனால் பொருளையே சுருட்டி வரிசையில் போட்டு, ஒர்க்கர் எடுப்பதற்குள் மூலப் பதிவு மாறிப்போய், பழைய மின்னஞ்சல் முகவரிக்கே கடிதம் போவதைப் பார்த்தவர்கள் இதை வரவேற்பார்கள்.

இங்கே ஒரு பொறியை அருகில் வைத்துக் காட்ட வேண்டும், ஏனென்றால் மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தாலும் அது காத்திருக்கிறது. வியூ முழுவதும் ஒரு டிரான்சாக்ஷனுக்குள் நடக்கிறது, அதாவது அதன் தரவுத்தள மாற்றங்கள் எல்லாம் சேர்ந்தே நிலைபெறும், அல்லது சேர்ந்தே திரும்பும். பதிவைச் சேமிக்கிறீர்கள், எண் கிடைக்கிறது. அந்த எண்ணோடு சீட்டை ரெடிஸ் வரிசையில் போடுகிறீர்கள். டிரான்சாக்ஷன் இன்னும் கமிட் ஆகவில்லை, மாற்றங்கள் நிலைபெறவில்லை. ஒர்க்கரோ சும்மா இருக்கிறது. உடனே சீட்டை எடுத்து, அந்த எண்ணைத் தரவுத்தளத்தில் தேடுகிறது. ‘அப்படி ஒரு பதிவே இல்லை’ என்று பிழை வருகிறது. நீங்கள் பதறிப்போய்ப் பார்க்கும்போது பதிவு அங்கே அமைதியாக இருக்கிறது. இந்தப் பிழை கூட்டம் குறைவான நேரத்தில் வரும், உங்கள் கணினியில் பெரும்பாலும் வராது. ஜாங்கோ ஆவணம் சொல்லும் தீர்வு, என்க்யூவை ‘ஆன் கமிட்’ அழைப்புக்குள் வைப்பது. கமிட் ஆன பிறகே சீட்டு போகும். சீட்டுகள் அதே தரவுத்தளத்தின் அட்டவணையிலேயே இருந்தால் இந்தச் சிக்கலே எழாது. பதிவும் சீட்டும் ஒன்றாகக் கமிட் ஆகும், அல்லது ஒன்றாகத் திரும்பும். தரவுத்தள வரிசையின் பக்கம் நான் சாய்வதற்கு இது முதன்மையான காரணம்.

இனி இந்த வழியின் குறை. 6.0 பெட்டியில் வரும் பேக்எண்டுகள், அதாவது சீட்டை வாங்கிக் கையாளும் பகுதிகள், இரண்டு. ஒன்று சோதனைக்கானது, சீட்டை வாங்கிவைத்துக்கொள்ளும், எதையும் செய்யாது. மற்றொன்று ‘இமீடியட்’; என்க்யூ என்றதும் அங்கேயே, அந்தக் கோரிக்கைக்குள்ளேயே வேலையைச் செய்துவிடும். அமைப்பில் எதுவும் எழுதாவிட்டால் கிடைப்பது இமீடியட்தான்.

புதிதாகக் கற்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பின்னணிப் பணி வந்துவிட்டது என்று படிக்கிறார். குறியிடுகிறார், என்க்யூ செய்கிறார், மின்னஞ்சல் போகிறது. எல்லாம் சரியாக நடக்கிறது. தளத்தை வெளியிடுகிறார். அவருடைய வியூ இப்போதும் மின்னஞ்சல் சேவைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது என்று எந்த வரியும் அவருக்குச் சொல்லவில்லை. என் பயிலரங்குத் தளத்துக்கு நேர்ந்தது அவருக்கும் நேரும். கூடவே, பின்னணியில்தானே போட்டோம் என்ற நம்பிக்கையும் அவரைத் தவறான இடத்தில் தேடவைக்கும். ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது என்பது இதற்கு விடை ஆகாது. அவசரத்தில் இருப்பவர் ஆவணத்தின் மூன்றாம் பத்தியைப் படிப்பதில்லை.

ரெயில்ஸும் இதே படியில்தான் கால் வைத்தது. 2014 டிசம்பரில் 4.2 பதிப்பில் ஆக்டிவ் ஜாப் என்ற இடைமுகம் மட்டும் வந்தது. இயல்பு நிலையில் வேலையை அங்கேயே செய்துவிடும். 2016இல் 5.0 பதிப்பில் அந்த இயல்பை மாற்றி, அதே செயல்முறைக்குள் தனி இழைகளில் ஓடவிட்டார்கள். சாலிட் க்யூ புதிய திட்டத்தில் கூடவே வர இன்னும் எட்டு ஆண்டுகள் ஆயின. அது வந்தபோதும் ரெயில்ஸுக்குள் கரைந்துவிடவில்லை. ரெயில்ஸ் குழுவின் பெயரில், தனக்கென்று பதிப்பு எண்ணோடு, தனி ஜெம்மாகவே (ரூபித் தொகுப்பாகவே) இருக்கிறது. புதிய திட்டத்தில் தானாகச் சேர்கிறது, அவ்வளவுதான்.

என் தேர்வு

இடைமுகம் உள்ளே இருப்பது சரி. ஒர்க்கர் சட்டகத்துக்குள் வேண்டாம். ஆனால் அநாதையாகவும் விடக்கூடாது. தரவுத்தள வரிசையும் ஒர்க்கரும் கொண்ட ஒரு தொகுப்பு, ஜாங்கோ திட்டத்தின் பெயரிலேயே, தன் சொந்த வெளியீட்டு வேகத்தில் இருக்க வேண்டும். இது புதிய ஏற்பாடு இல்லை. சேனல்ஸ் அப்படித்தான் இருக்கிறது. 3.0இலிருந்து ஜாங்கோ நம்பியிருக்கும் ஏஎஸ்ஜிஐரெஃப் தொகுப்பும் தனியாகவே வெளியாகிறது. வாரம் ஒரு திருத்தம் தேவைப்பட்டால் வெளியிடலாம். போஸ்ட்கிரெஸுக்கு முதலில் உறுதி தந்துவிட்டு மற்றவற்றை மெல்லச் சேர்க்கலாம். கற்பவருக்கோ ‘இதைப் போடு’ என்று ஒரே பெயரைக் கைகாட்டலாம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் வலுவானதுதான். பெட்டியில் இல்லாதது பலருக்கு இல்லாததற்குச் சமம். நிறுவனங்களில் வெளித் தொகுப்பு ஒன்றைச் சேர்க்க ஒப்புதல் வாங்குவதே ஒரு படலம். அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் உள்ளே எடுத்து மூன்றாண்டு ஆதரவுப் பதிப்பு ஒன்றில் அரைவேக்காடாக உறையவைப்பது அவர்களையே அதிகம் வருத்தும். அதே நிறுவனங்கள்தான் அந்த நீண்டகாலப் பதிப்பை விட்டு நகராதவர்கள்.

பொறுமை பெரிய விலைதான். பல நெடுவரிசைகள் சேர்ந்த முதன்மைத் திறவுகோல் வேண்டும் என்ற 373ஆம் எண் கோரிக்கை 2005இல் பதிவானது. 2025 ஏப்ரலில் 5.2 பதிப்பில்தான் நிறைவேறியது. ஒர்க்கருக்கு அத்தனை காலம் காத்திருக்கச் சொல்லவில்லை.

உடனே செய்ய வேண்டியது சின்ன வேலை ஒன்று. வெளியிடுவதற்கு முன் ஓட்டும் சரிபார்ப்புக் கட்டளை ஜாங்கோவில் ஏற்கெனவே இருக்கிறது. பாதுகாப்பு அமைப்புகளை மறந்திருந்தால் அது எச்சரிக்கும். தளத்தில் ஒரு பணியாவது குறியிடப்பட்டிருந்து, பேக்எண்ட் இன்னும் இமீடியட்டாகவே இருந்தால், ‘உங்கள் பணிகள் பின்னணியில் ஓடவில்லை’ என்று அதே கட்டளை ஒரு வரி சொல்லட்டும். சில வரி நிரல். எந்தப் பழைய தளமும் உடையாது.

என் பயிலரங்குத் தளத்தை இப்போது 6.0க்கு மாற்றிவிட்டேன். வரிசைக்கு வெளித் தொகுப்பின் தரவுத்தள பேக்எண்ட், வெறும் போஸ்ட்கிரெஸ், ஒரே ஒர்க்கர். மாற்றிய அன்று வேண்டுமென்றே ஒர்க்கரை நிறுத்திவிட்டுப் பத்துப் பதிவுகள் செய்து பார்த்தேன். பத்து நன்றிப் பக்கங்கள் உடனே வந்தன. அட்டவணையில் பத்துச் சீட்டுகள் காத்திருந்தன. ஒர்க்கரைத் தட்டி எழுப்பியதும் ஒவ்வொன்றாகக் குறைந்து காலியானது. பட்டியலில் எந்தப் பெயரும் இரண்டு முறை இல்லை.